ஆண்–பெண் நடத்தை ஆய்வுகளை வாசிக்கும் முறை

ஆண்களும் பெண்களும் ஏதோ ஒரு நடத்தையில் வேறுபடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு கூறினால், அந்த வேறுபாடு எவ்வளவு என்பதையே முதலில் தேடிப் படியுங்கள். ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்ற தொடர் அளவைச் சொல்வதில்லை. பல்லாயிரம் பேரை அளந்தால் மிகச் சிறிய இடைவெளிக்கும் அந்த அடைமொழி கிடைத்துவிடும். அட்டவணையில் ‘டி’ (d) என்ற எழுத்தால் குறிக்கப்படும் எண்ணைப் பாருங்கள். இரு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால், அதாவது ஆளுக்கு ஆள் மதிப்புகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவால், வகுத்துப் பெறுவது அது. அது 0.2 என்றால், ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் முறையில் எடுத்து ஒப்பிடும்போது, சராசரி கூடுதலாக உள்ள பாலினத்தவர் முந்தியிருப்பது 100 முறையில் ஏறத்தாழ 56 முறைதான், 0.5 என்றாலும் 64 முறைதான். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல் 46 தொகுப்பாய்வுகளை (ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணிப்பவை) அலசியபோது, அவற்றின் விளைவளவுகளில், அதாவது வேறுபாட்டின் அளவைக் காட்டும் இத்தகைய ‘டி’ எண்களில், 78 விழுக்காடு சிறியனவாகவோ பூச்சியத்தை ஒட்டியனவாகவோ இருந்தன. பந்தெறியும் வேகம் போன்ற சிலவற்றில் வேறுபாடு உண்மையிலேயே பெரிது. அதை மறைப்பதும் நேர்மையாகாது.

அடுத்து, யாரை அளந்தார்கள் என்று கேளுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வடகிழக்கு இந்தியாவின் காசி, கர்பி பழங்குடியினர் ஏறத்தாழ 1,300 பேரிடம் நான்கு துண்டுகளைப் பொருத்தி ஒரு குதிரைப் படத்தை உருவாக்கச் சொன்னார்கள். தந்தைவழிச் சமூகமான கர்பியரில் ஆண்கள் விரைவாக முடித்தார்கள். கடைசி மகளுக்குச் சொத்து சேரும் காசியரில் அந்த இடைவெளி தென்படவில்லை. வேறுபாடு எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது வலுவான சான்று என்றே நான் கருதுகிறேன். ஆனால் ‘எல்லாமே வளர்ப்புதான்’ என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது: யார் எந்தச் சமூகத்தில் பிறப்பது என்பதை ஆய்வாளர் குலுக்கிப் போடவில்லை, கர்பிப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் படித்திருந்ததும் இடைவெளியின் ஒரு பகுதிக்குக் காரணமாக இருந்தது.

மூளைப் படத்தில் வேறுபாடு தெரிந்தால் அது பிறவியிலேயே வந்தது என்று பொருளன்று. பயிற்சியும் மூளையை மாற்றுகிறது. ஆகவே பெரியவர்களின் மூளைப் படம் மட்டுமே காரணத்தைச் சொல்லிவிடாது.

கடைசியாக, வேறொரு குழு வேறு மக்களிடம் செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்ததா என்று தேடுங்கள். வேறுபாட்டைக் காணாத ஆய்வுகள் பல அச்சேறாமலே நின்றுவிடுவதால், தனியொரு ஆய்வைப் படிக்கும்போது இந்தத் தேடல் மிகவும் தேவைப்படுகிறது.