சாண்டினிஸ்டாவை ஒரே மூச்சில் கேட்காதீர்கள்

லண்டனைச் சேர்ந்த தி கிளாஷ் என்ற பங்க் இசைக்குழுவின் ‘சாண்டினிஸ்டா’வைப் பாதியில் நிறுத்திவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1980 டிசம்பரில் வந்த ஆல்பம். மூன்று இசைத்தட்டு, 36 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஓடும். பங்க், அதாவது வேகமும் கோபமுமான ராக் என்று நம்பி உட்கார்ந்தால் நடுவில் ஜமைக்காவின் ரெகே வரும், வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய நடன மெட்டு வரும், சர்ச் பாட்டு மாதிரி ஒன்று வரும். முதல் தடவையிலேயே இது யாருக்காவது பிடித்தால்தான் ஆச்சரியம். எனக்கும் பிடிக்கவில்லை. இன்றைக்கு எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகும்போது ரயிலில் நான் அதிகம் கேட்பது இதைத்தான்.

முதலில், போன் காட்டும் வரிசையை மறந்துவிடுங்கள். 36 பாட்டையும் நிறுத்தாமல் ஓடவிடுவது செல்போன் வந்த பிறகு வந்த பழக்கம். இது தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்ட காலத்து ஆல்பம். மொத்தம் ஆறு பக்கம், பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஒரு பக்கம் சுமார் 24 நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். காலையில் போகும்போது கேட்ட அதே பக்கத்தைச் சாயங்காலம் திரும்பும்போதும் கேளுங்கள். கொருக்குப்பேட்டையில் ஏறினால் எண்ணூர் வருவதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

ஆரம்பிக்க வேண்டியது நான்காம் பக்கம், அதாவது 19ஆவது பாட்டு. ‘போலீஸ் ஆன் மை பேக்’. அது இவர்கள் எழுதியதில்லை. எடி கிராண்ட் எழுதி, தி ஈக்வல்ஸ் என்ற குழு அறுபதுகளில் பாடியது. கிட்டாரே சைரன் மாதிரி அலறும். திங்கள், செவ்வாய், புதன் என்று வாரம் முழுக்கப் போலீசுக்குப் பயந்து ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். பங்க் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்த வேகம் இதில் இருக்கிறது. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் முதல் பக்கத்துக்கு வாருங்கள். இங்கே ஒன்று முக்கியம்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நல்ல இயர்போன் வேண்டும், இல்லையென்றால் சின்ன ஸ்பீக்கர் பாக்ஸாவது வேண்டும். முதல் பாட்டு ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ முழுக்க, அடித்தொனியில் அதிரும் பேஸ் கிட்டாரின் மேல்தான் நிற்கிறது. அது காதில் விழாவிட்டால், ஒருவர் என்னவோ வேகவேகமாகப் பேசிக்கொண்டே போகிறார் என்றுதான் தோன்றும். நியூயார்க்கில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த ராப்பைக் கேட்டுவிட்டு அவர்கள் செய்த பாட்டு இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் இதைப் போட்டிருந்தேன். வடாம் காயவைக்க வந்த எதிர்வீட்டு அக்கா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “இன்னாபா பாட்டு இது, ஒண்ணும் புரியல, ஆனா அடி நல்லாகீது” என்றார். அவர் கேட்ட மாதிரிதான் நீங்களும் முதலில் கேட்க வேண்டும். சாவு வீட்டில் டோலக்கும் புல்புல்தாராவும் வைத்து விடிய விடிய நடக்கும் கானாவைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஒரே அடி சுற்றிச் சுற்றி வர, அதன் மேல் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவது நமக்குப் புதிதா என்ன?

அடி பழகிய பிறகு, பாடல் வரிகளை எடுத்துப் படியுங்கள். இந்தப் பாட்டு காலை ஏழு மணிக்கு அலாரம் அடிப்பதில் தொடங்குகிறது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஒருவன் வேலைக்கு ஓடுகிறான். என் தாத்தா பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் வீட்டில் எல்லாமே நடக்கும் என்று ஆயா சொல்லும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த நினைப்போடு கேட்டால், லண்டன்காரன் பாட்டில் வரும் அலாரம் வேறு யாருக்கோ அடிப்பதாகத் தோன்றாது.

மூன்றாம் பக்கத்தில் ‘அப் இன் ஹெவன்’ இருக்கிறது. கவனிக்காமல் விட்டுவிடக் கூடிய பாட்டு, விடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழைகளை ஏற்றிவிட்டு அரசாங்கம் மறந்துபோவதைப் பற்றியது. காற்று அடித்தால் கட்டடமே சாய்கிறது, ஒரு நாள் இது விழத்தான் போகிறது என்று பாடுகிறார்கள். இதைப் பாடிய குழுவின் கிட்டாரிஸ்ட் மிக் ஜோன்ஸ், லண்டனில் அப்படி ஒரு கட்டடத்தில் பாட்டியோடு இருந்தவர். கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டில் படுத்துக்கொண்டு நான் இதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஆல்பம் என்னுடையது என்று முடிவானது அப்போதுதான்.

‘வாஷிங்டன் புல்லட்ஸ்’ நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். சாண்டினிஸ்டாக்கள் 1979இல் மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்சியை விரட்டியவர்கள். ஆல்பத்தின் பெயரே அவர்களுடையது. தட்டின் பதிவு எண்ணிலும் அவர்கள் இயக்கத்தின் எழுத்துகளைப் போட்டார்கள்: எஃப்.எஸ்.எல்.என்.1. பாட்டில் வரும் விக்தோர் ஹாரா சிலி நாட்டுப் பாடகர். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கொல்லப்பட்டவர். இவ்வளவையும் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தின் குதூகலமான மெட்டில் பாடுவதால், முதலில் ஏதோ கொண்டாட்டப் பாட்டு என்று நினைப்போம். அமெரிக்கத் தோட்டாக்களைச் சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் ஆப்கானிஸ்தானில் ரஷ்யத் தோட்டாவையும் கேட்கிறார்கள், திபெத்தில் சீனாவையும் கேட்கிறார்கள். தன் பக்கம் என்று நினைப்பவர்களையும் கேள்வி கேட்கிற அரசியலைத்தான் நான் நம்புகிறேன்.

எல்லாம் பிடித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ‘மென்ஸ்ஃபோர்த் ஹில்’ முதல் பக்கத்துப் பாட்டு ஒன்றைத் தலைகீழாக ஓடவிட்டது, தாராளமாகத் தள்ளிவிடலாம். ஆறாம் பக்கத்தில் பெரும்பாலும் டப், அதாவது குரலைக் குறைத்து பேஸையும் எதிரொலியையும் முன்னால் கொண்டுவரும் ஜமைக்கா முறை. மற்ற ஐந்தும் பழகும் வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

போகும்போது மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். 1977இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்’ என்று ஒரு பாட்டு, இரண்டு நிமிடம்கூட இருக்காது. இளைஞர்களுக்குக் கிடைக்கிற கேடுகெட்ட வேலைகளைப் பற்றி குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் கத்தித் தீர்த்திருப்பார். அதைக் கேட்டுவிட்டு ஆறாம் பக்கத்தைப் போடுங்கள். அதே பாட்டை அங்கே, கீபோர்டு வாசித்த மிக்கி கேலகரின் சின்னப் பையன்கள் பாடுகிறார்கள்.