யானைக்கால் புழு காலில் மட்டும் குடியிருப்பதில்லை

யானைக்கால் என்ற பெயரே நம்மைத் திசைதிருப்பி விடுகிறது. பெயரைக் கேட்டதும் கண் காலுக்குத்தான் போகிறது. கால் வீங்கவில்லையா, அப்படியென்றால் அந்த நோய் இல்லை என்று நோயாளியும் முடிவு செய்துவிடுகிறார், சில சமயம் மருத்துவரும் முடிவு செய்துவிடுகிறார். இந்த நோயைக் கண்டறிவதில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

இந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகளை மனிதன் முதலில் பார்த்தது வீங்கிய காலில் அல்ல. 1863இல் பாரிசில் டெமார்க்கே என்ற அறுவை மருத்துவர் விரைவீக்கத்திலிருந்து (விதைப்பை வீக்கம்) எடுத்த நீரில் பார்த்தார். 1866இல் பிரேசிலின் பாஹியாவில் வூக்கெரர் என்ற மருத்துவர் பால் போன்ற சிறுநீரில் கண்டார். 1872இல் கல்கத்தாவில் மருத்துவர் திமோத்தி லூயிஸ் இரத்தத்திலேயே அவை நெளிவதைக் காட்டினார். வளர்ந்த புழு நூல் போன்றது; பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழும். நிணநீர்க் குழாய் உடலெங்கும் ஓடுகிறது, ஆகவே தொல்லையும் எங்கு வேண்டுமானாலும் தலைகாட்டலாம்.

அதிகம் தவறவிடப்படுவது இருமல். இரவில், குறிப்பாக விடியலுக்கு முன், வறட்டு இருமல் விடாமல் வரும், மூச்சு இளைக்கும். பெரும்பாலும் இளவயது ஆண்கள். ஆஸ்துமா என்று உறிஞ்சு மருந்து தரப்படும். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கச் சிறு புள்ளிகள் தெரிந்தால் காசநோய் என்ற சந்தேகம் எழும், மாதக்கணக்கில் அதற்கான மாத்திரைகள் தொடரும். உண்மையில் இது நுரையீரலில் சிக்கிய புழுக்குஞ்சுகள் மீது உடல் காட்டும் மூர்க்கமான எதிர்ப்பு. வெப்பமண்டல நுரையீரல் ஈசனோபில் நோய் என்று பெயர்; ஈசனோபில் என்பது ஒரு வகை வெள்ளை இரத்த அணு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரிமட்-மோல்லரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி காசநோயாக இல்லாத இந்த நிலையை 1940லேயே எழுதிவிட்டார்கள். நம் மண்ணில் முதலில் விவரிக்கப்பட்ட நோயை நாமே ஆஸ்துமா என்று கடந்துபோவது எனக்குப் பெரும் வருத்தம்.

இத்தனைக்கும் துப்பு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கும். ஈசனோபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குள் இருக்க வேண்டும். இந்த நோயில் 3000ஐத் தாண்டிவிடும். ஆனால் அறிக்கையில் அந்த வரியை “அலர்ஜியாக இருக்கும்” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஸ்டீராய்டு கொடுத்தால் இருமல் அடங்கும், அதனால் நோய் போய்விட்டது என்று தோன்றும். புழு போகவில்லை. டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரையை மூன்று வாரம் வரை முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே இருமல் தணியும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும், அதைத் திருப்ப முடியாது.

அடுத்த தவறு பரிசோதனையில். நம் நாட்டில் பரவலாக உள்ள வூக்கரேரியா பான்கிராப்டி புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கி, நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் வெளி இரத்தத்துக்கு வருகின்றன. காலை பத்து மணிக்கு எடுத்த துளியில் புழு இல்லை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. இரவு பத்து முதல் இரண்டு மணிக்குள் எடுக்க வேண்டும். புழு வெளியிடும் பொருளை இரத்தத்தில் கண்டறியும், பகலிலும் செய்யக்கூடிய ஆன்டிஜென் அட்டைப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அது இந்த ஒரு வகையைத்தான் காட்டும். கேரளத்தின் சேர்த்தலை பகுதியில் காணப்பட்ட புருகியா மலாயி வகையைக் காட்டாது. இன்னொன்று: மேலே சொன்ன இருமல் நோயிலும், நாள்பட்டு வீங்கிய காலிலும் இரவு இரத்தத்தில்கூடப் பெரும்பாலும் குஞ்சுகள் அகப்படுவதில்லை. “இல்லை” என்ற அறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கட்டிகளைப் பற்றி இரண்டு பக்கமும் எச்சரிக்க வேண்டும். மார்பகத்தில் புழு தங்கினால் வலியில்லாத கெட்டியான கட்டி வரும்; மேல்தோல் ஆரஞ்சுத் தோல் போலத் தடிக்கலாம், அக்குளில் நெறி கட்டலாம். பார்வைக்கு அச்சு அசல் புற்றுநோய்தான். ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும்போது குஞ்சுப்புழு தெரிந்து, பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து தப்பிய பெண்கள் உண்டு. ஆனால் புழு தெரிந்தது என்பதற்காகப் புற்றுநோய் இல்லை என்று கையெழுத்திடவும் முடியாது, இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்தே இருந்திருக்கின்றன. கழுத்திலும் தொடையிடுக்கிலும் கட்டும் நெறியைக் காசநோய்க் கட்டி என்றே தீர்மானித்துவிடுவதும் இதே வகைத் தவறு.

ஆண்களுக்கு யானைக்கால் புழுவின் நாள்பட்ட பாதிப்புகளில் அதிகம் காணப்படுவது காலே அல்ல, விரைவீக்கம். ஓதம், அண்டவாயு என்று மறைத்துக்கொண்டு வெட்கத்தோடு வாழ்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் இடைவிடாமல் துடிப்பதைப் பார்க்கலாம். பிரேசிலின் ரெசிஃபே நகர மருத்துவர்கள் அதற்கு ஃபைலேரியா நடனம் என்று பெயரிட்டார்கள். ஸ்கேன் செய்பவர் தேடினால்தான் தெரியும்.

பால் போன்ற வெண்மையான சிறுநீரைச் சீழ் என்று நினைத்து மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் தருவதும் நடக்கிறது. அது குடலிலிருந்து வரும் கொழுப்பு நிணநீர், சிறுநீர்ப் பாதையில் கசிவது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு கூடுதலாகும். புரதமும் சேர்ந்தே போவதால் உடல் மெலியும்.

காலே வீங்கியிருப்பவர்களிடமும் ஒரு தவறு உண்டு. திடீரென்று குளிர் காய்ச்சல், காலில் சிவப்பு, நெறி. உடனே புழு மாத்திரையை விழுங்குவார்கள், சுடுநீர் ஒத்தடம் கொடுப்பார்கள். இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் விரலிடுக்குப் புண் வழியாக நுழைந்த பாக்டீரியா. தேவை ஓய்வு, குளிர்ந்த ஒத்தடம், மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்; டி.இ.சி. அந்த நேரத்தில் உதவாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தாலே இத்தகைய காய்ச்சல்கள் வெகுவாகக் குறையும்.

இலங்கையில் இந்த நோய் பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இங்கேயும் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்ட மாத்திரைகள் பெரும் பலன் தந்தன. நோய் அரிதாகும்போது மருத்துவர் நினைவிலிருந்தும் அது நழுவும். லண்டனில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இரவு இருமலோடு போனால், அங்குள்ள மருத்துவருக்கு ஆஸ்துமாதான் முதலில் தோன்றும். பிறந்து வளர்ந்த ஊரை நாமாகவே சொல்லிவிட வேண்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வேலை செய்து திரும்பியவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அங்குள்ள லோவா லோவா புழு இரத்தத்தில் மிகுதியாக இருக்கும்போது டி.இ.சி. சாப்பிட்டால் மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.