ரிஃபார்மரில் ஃபுட்வொர்க்: திரும்பி வரும்போது கவனியுங்கள்

பிலாட்டீஸ் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ், ரிஃபார்மர் என்ற ஸ்பிரிங் பொருத்திய கருவிக்கு வகுத்த வரிசையில் முதலில் வருவது ஃபுட்வொர்க் என்ற கால் பயிற்சி. கேரேஜ் எனும் நகரும் மெத்தைப் பலகையில் மல்லாந்து படுத்து, கால்மாட்டிலுள்ள ஃபுட்பார் கம்பியை மிதித்தால் கேரேஜ் விலகும், முழங்காலை மடக்கினால் திரும்பி வரும். தள்ளுவது யாருக்கும் வந்துவிடும். ஸ்பிரிங் இழுக்கிற இழுப்புக்கு உடலைக் கொடுத்துவிடாமல் திரும்புவதுதான் வராது. கேரேஜ் 'டொக்' என்று முட்டினால் பாதிப் பயிற்சி வீண். நீங்கள் சொல்லிக்கொடுப்பவரை இரண்டு எண்ணிக்கையில் தள்ளச் சொல்லுங்கள், நான்கில் திரும்பச் சொல்லுங்கள்.

காயமில்லாத புதியவருக்கு முழு வலுவுள்ள மூன்று ஸ்பிரிங் போதும். ஸ்பிரிங்கின் வலுவைக் காட்டும் நிறத்தை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பிரிங்கைக் குறைத்தால் எளிதாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. தள்ளுவது லேசாகும், ஆனால் கேரேஜை ஆடாமல் நிறுத்தும் வேலை வயிற்றுக்கு வந்து சேரும்.

கேரேஜ் மூடிய நிலையில், அதாவது முழுவதும் திரும்பி வந்து நிற்கும்போது, வால் எலும்பு மெத்தையை விட்டு எழும்பினால், அவருக்கு முழங்கால் மடக்கு அதிகம். எத்தனை முறை "இடுப்பை இறக்குங்க" என்றாலும் இறங்காது. கேரேஜ் வந்து முட்டி நிற்கும் தடுப்பான ஸ்டாப்பரை ஃபுட்பாரிலிருந்து ஒரு படி தள்ளி வையுங்கள். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்பவருக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அப்படியும் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முதல் நிலையில் முன்பாதம் பாரில், குதிகால்கள் ஒட்டி, இரு பாதங்களின் விரல்பக்கத்துக்கு நடுவே ஒரு கை முஷ்டி இடைவெளி. பத்து முறை. குதிகாலின் உயரம் மாறவே கூடாது. "குதிகாலுக்கு அடியில முட்டை இருக்கு, உடைக்காம போயிட்டு வாங்க" என்றால் சட்டென்று புரியும். அடுத்து, கிளையைப் பற்றும் பறவைபோல் விரல்கள் பாரைத் தழுவ, உள்ளங்கால் வளைவில் பத்து. விரல்களை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு இங்கேதான் தசை சுண்டி இழுக்கும். உடனே குதிகால் நிலைக்கு மாற்றிவிடுங்கள். குதிகாலில் பத்து, விரல்நுனி முகத்தைப் பார்த்தபடி.

கடைசியில், காலை நீட்டியே வைத்து, முன்பாதத்தைப் பாரில் ஊன்றிக் குதிகாலைப் பாருக்குக் கீழே இறக்கி ஏற்றுவது. மூன்று எண்ணி இறக்கம், ஒன்றில் ஏற்றம். வழக்கமான தவறுகள் இரண்டு. கணுக்கால் அசைய வேண்டிய இடத்தில் முட்டி மடங்கும். இல்லையென்றால் ஏறும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சாயும். இரண்டாவதற்கு, கணுக்கால்களுக்கு நடுவே மடித்த சிறு துண்டைக் கொடுத்து, கால் கட்டைவிரலால் பாரை அழுத்தச் சொல்லுங்கள். முட்டி பின்னால் வளையும் உடல்வாகு என்றால் "நேராக்குங்க" என்று சொல்லவே வேண்டாம், பூட்டிக்கொள்வார். "நீளமா தள்ளுங்க" போதும்.

நிற்க வேண்டிய இடம் ஃபுட்பாரின் மூலை. அங்கிருந்து பார்த்தால் முட்டி இரண்டாவது விரலின் நேர்கோட்டில் போகிறதா என்று தெரியும். இடுப்பைப் பார்க்க ஒருமுறை பக்கவாட்டுக்கு வாருங்கள். இறக்கும்போது ஒரு குதிகால் மற்றதைவிட மேலேயே நின்றால், கேரேஜை முழுவதும் மூடி, ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அந்தக் காலுக்கு மட்டும் தனியாக எட்டு முறை கொடுங்கள்.