ஆறாத கால் புண்: கட்டுப் போடும் முன் இரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்து, மாலையானால் வீங்கி நீர் கசியும் புண் பெரும்பாலும் சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளம்) நோயால் வருவதாகும். அதை ஆற்றுவதில் களிம்பைவிட, விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றப்படும் அழுத்தக் கட்டே முதன்மையானது. ஆனால் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைபட்ட காலில் அதே கட்டு திசுக்களை அழுகச் செய்துவிடக்கூடும் என்பதால், ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியின் உதவியோடு கணுக்கால் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்காமல் கட்டுப் போடுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. அந்த எண் 0.8-க்குக் குறைந்தால் முழு அழுத்தம் கூடாது; 0.5-க்கும் கீழே இருந்தால் இரத்தநாள அறுவை மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகி, எண் பொய்யாக உயர்ந்து தெரியலாம் என்பதால், 1.3-ஐத் தாண்டும் எண்ணை நம்பாமல் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பதே பாதுகாப்பு. முறையான சிகிச்சைக்குப் பின்னும் ஆறாமல் விளிம்பு தடித்து உயரும் புண்ணில் புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அவசியம்.