மலைக் குளிரில் இறுகிப்போன டிரிகர்

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் இருக்கிறது, வெளியே இரண்டு குதிரையும், அதாவது டிரிகரை இழுத்தால் விழுந்து அடிக்கிற சுத்தியலும், நீட்டிக்கொண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸோடு போய் ஸ்டேஷனில் ஒப்படைப்போம், முடிந்ததும் வாங்கிவந்து துடைக்காமலேயே பீரோவில் வைத்துவிடுவோம். பிறகு ஒருநாள் பார்த்தால் குதிரை மெதுவாக விழும், இழுத்த டிரிகர் முன்னால் திரும்பாது. உடனே ஸ்ப்ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், பெரும்பாலும் பழைய எண்ணெய்தான் காரணம். எங்கள் வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய், அதுவும் மார்கழி மாத ஏற்காட்டில்! உள்ளே தூசியோடு சேர்ந்து பசை மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தது.

முதலில் குழலைத் திறந்து தோட்டா உட்காருகிற இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டில் வேறு அறையில் இருக்கட்டும். குழலைக் கழற்றியபின், மரக்கட்டை மேலேயும் இரும்பு கீழேயும் இருக்கிற மாதிரி சாய்த்துப் பிடித்து, டிரிகர் நுழைகிற பிளவிலும் குதிரையின் அடியிலும் நான்கைந்து சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். சாய்க்காமல் விட்டால் அழுக்கு எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரம் கருத்து ஊறிவிடும். குதிரையைக் கட்டைவிரலால் பிடித்தபடியே மெல்ல ஏற்றி இறக்கினால் காப்பிக் கஷாயம் போல வழியும். தெளிவாக வரும்வரை செய்து, துடைத்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஸ்டவ், பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய், குண்டூசி முனையில் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ஒரே ஒரு சொட்டு. ஆசைப்பட்டு ஊற்றினால் அடுத்த வருஷம் இதே கதைதான். குழலை மாட்டி, மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு டிரிகரை இழுத்துப் பாருங்கள், காலி அறையில் திரும்பத் திரும்ப அடித்தால் தோட்டாவைக் குத்துகிற ஊசி உடையலாம்.

இத்தனைக்கும் பிறகு டிரிகர் திரும்பவில்லை என்றால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம். முழுதும் ஏற்றிய குதிரையைப் பின்னாலிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள், டிரிகரைத் தொடாமலே விழுந்தால் உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்துகிற பல் தேய்ந்திருக்கிறது. அரத்தை எடுத்து ராவி விடலாம் என்று நினைக்காதீர்கள், தோட்டா போடவும் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம், உங்கள் லைசென்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.