பெயரில் பத்து, உறுப்பினர் பதினெட்டு: புதிதாக வருபவர்களுக்கு பிக் டென் அறிமுகம்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர், கொலம்பஸ், மேடிசன் போன்ற பல்கலைக்கழக ஊர்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேரும் நம்மவர்கள், முதல் செப்டம்பரிலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள்: சனிக்கிழமை விடிந்ததும் ஊரே ஒரே நிறச் சட்டையில், அமெரிக்கக் கால்பந்து பார்க்க மைதானத்தை நோக்கி நடக்கும். ஆன் ஆர்பர் மைதானத்தின் இருக்கைகள் 1,07,601; அந்நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 1,24,000தான். ஆகவே வளைகாப்பு, பிறந்தநாள் என எதையும் இலையுதிர்காலச் சனிக்கிழமையில் வைப்பதற்கு முன், உள்ளூர் அணியின் சொந்த மைதான ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். தெருக்களை அடைத்திருப்பார்கள், விடுதி அறையின் வாடகை ஏறியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தம் புல்வெளியையே கார் நிறுத்தக் கட்டணத்துக்கு விட்டிருப்பார்.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது பிக் டென் என்னும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு. அதைத் தொடங்கியவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், கல்வியாளர்கள். மாணவரல்லாத கூலி ஆட்டக்காரர்கள் அணிகளுக்குள் புகுந்துவிட்ட காலத்தில், பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பை ஏற்று, 1895 ஜனவரி 11 அன்று ஏழு கல்வி நிறுவனங்களின் தலைவர்கள் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதியில் கூடினார்கள். முறையாகப் பதிவு செய்து படிக்கும் மாணவரே ஆட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதிகளில் ஒன்று. மறு ஆண்டு பேராசிரியர்களைப் பிரதிநிதிகளாகக் கொண்டு கூட்டமைப்பு உருவாயிற்று. மக்கள் அதை மேற்குக் கூட்டமைப்பு என்றே அழைத்தார்கள்.

விதிகள் 1906இல் மேலும் இறுகியபோது ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் முரண்டு பிடித்து, 1908இல் விலகிச் சென்றது. அது 1917இல் திரும்பியபோது, முன்பே இண்டியானாவும் அயோவாவும், இடையில் கொலம்பஸின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்திருந்ததால் எண்ணிக்கை பத்தாயிற்று. பிக் டென் என்ற பெயரும் அப்போதுதான் வழக்குக்கு வந்தது. ஆனால் அதையே அதிகாரபூர்வப் பெயராக்க அவர்களுக்கு 1987 வரை ஆயிற்று என்பது வேடிக்கை.

எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்தது சிகாகோவின் கதை. நாட்டின் சிறந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதலாக வென்றவர் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கர். நான்கே ஆண்டுகளில், படிப்புக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒட்டாது என்று கருதிய பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அணியையே கலைத்துவிட்டார். ஆட்டம் ஓய்ந்த அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. சிகாகோ 1946இல் கூட்டமைப்பிலிருந்தே முற்றிலும் வெளியேற, அந்த இடத்துக்கு மிச்சிகன் ஸ்டேட் வந்தது.

பின்னர் வந்தவை பென் ஸ்டேட், நெப்ராஸ்கா, மேரிலாண்ட், ரட்கர்ஸ். 2024இல் பசிபிக் கரையிலிருந்து நான்கு பல்கலைக்கழகங்கள் சேர, உறுப்பினர் பதினெட்டு ஆயினர். காரணம் தொலைக்காட்சிப் பணமே என்பதை எவரும் மறைப்பதில்லை. கூலி ஆட்டக்காரரை விரட்டப் பிறந்த அமைப்பின் பல்கலைக்கழகங்கள், 2025 ஜூலை முதல் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தருகின்றன.

மாணவர்களுக்கு ஒரு பயனும் உண்டு: இப்பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் தமக்குள் நூல்களை இரவல் தருகின்றன, உங்கள் நூலகத்தில் இல்லாத தமிழ் நூலை இன்னொன்றிலிருந்து தருவிக்கக் கேட்டுப் பாருங்கள்.

அலுவலகப் பேச்சில் கலந்துகொள்ள விரும்பினால் தண்ணீர்ச் சாடியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சிகன் அணி 1903இல் மின்னியாபொலிஸுக்கு ஆடச் சென்றபோது முப்பது சென்டுக்கு வாங்கிய சாடியை, ஆட்டம் 6-6 என்று முடிந்த அமளியில் விட்டுவிட்டு வந்தது. அதைக் கண்டெடுத்த மினசோட்டாக்காரர்கள் அதன் மேல் ஆட்ட முடிவை எழுதினார்கள்; தங்கள் ஆறைப் பெரிதாகவும் மிச்சிகனின் ஆறைச் சிறிதாகவும். இன்றும் இரு அணிகளும் மோதும்போது வெல்பவருக்கு அந்தச் சாடிதான் பரிசு.

கொலம்பஸில் குடியேறுவோர் நவம்பர் கடைசி வாரத்தில் நீலமும் மஞ்சளும் சேர்ந்த சட்டையைத் தவிர்ப்பது நல்லது. அவை ஒஹாயோ ஸ்டேட்டின் பரம எதிரியான மிச்சிகனின் நிறங்கள். இரு அணிகளும் மோதும் அந்த வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின் மீதெல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்குக்கோடு ஒட்டியிருப்பார்கள்.