சின்னக் கல்லூரிகள் தகவல் பாதுகாப்பில் எங்கே கோட்டை விடுகின்றன?

"எங்களிடம் மொத்தமே சில நூறு பிள்ளைகள். இங்கே வந்து ஹேக்கர் எதைத் திருடப் போகிறான்?" சுயநிதிக் கல்லூரி நிர்வாகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் தவறே இதுதான். கணினியில் இருக்கும் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள்தான் ரான்சம்வேர். அதை ஏவும் கும்பல்கள் பெரும்பாலும் கல்லூரியின் பெயரைப் பார்த்து வருவதில்லை. பாதுகாப்பில்லாத கணினி எங்கே இருக்கிறது என்று இணையம் முழுக்கத் தானியங்கி மென்பொருளை விட்டுத் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் கல்லூரி இருந்தது. 1865-ல் தொடங்கி, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த கல்லூரி. 2021 டிசம்பரில் ரான்சம்வேர் தாக்கி, மாணவர் சேர்க்கை, நிதி திரட்டல் கணினிகள் முடங்கின. 2022 மார்ச்சில் அவை மீண்ட பிறகுதான் அடுத்த ஆண்டுச் சேர்க்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்றே தெரிந்தது. கொரோனாவால் ஏற்கெனவே நொடிந்திருந்த கல்லூரி அந்த மே 13-ம் தேதி மூடப்பட்டது. கட்டணத்தை நம்பி ஓடும் எந்தக் கல்லூரிக்கும் சேர்க்கை நேரத்தில் கணக்கு கையில் இல்லையென்றால் இதே ஆபத்துதான்.

நம் ஊரில் பேக்கப் என்றால் பல இடங்களில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியே கிடக்கும் ஒரு ஹார்டு டிஸ்க். ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் நகல் எடுங்கள். ஒன்று எப்போதும் கழற்றி பீரோவுக்குள் இருக்கட்டும். செமஸ்டருக்கு ஒரு முறை அதிலிருந்து கட்டணக் கணக்கையும் மதிப்பெண்ணையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுக்க வராத பேக்கப்பை நம்பி இருப்பது, பேக்கப்பே இல்லாததைவிட மோசம்.

எனக்கு அதிகம் வலிப்பது வாட்ஸ்அப் பழக்கம். டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் போட்டோவாக ஆசிரியர்களின் சொந்த போனுக்கு வருகின்றன. பெற்றோரின் போன் எண்களோடு எக்செல் பட்டியல் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. அப்புறம் ஒரு நாள், "உங்கள் பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று ஒரு போன். பிள்ளையின் பெயர், துறை, ஆண்டு எல்லாம் சரியாகச் சொல்பவரை, வீட்டின் முதல் பட்டதாரியைப் படிக்க வைக்கும் தாய் எப்படிச் சந்தேகப்படுவார்? முதலாண்டில் பலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர்கள் குழந்தைகள். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆவணங்களைக் கல்லூரி மின்னஞ்சலிலோ ஈஆர்பியிலோ (கல்லூரியின் நிர்வாக மென்பொருள்) மட்டும் வாங்குங்கள். வேலை முடிந்ததும் போனில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள்.

பிரின்சிபால் மெயிலின் பாஸ்வேர்டு ஆபீசில் நாலு பேருக்குத் தெரிந்திருப்பதும் சகஜம். சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். அவர்களின் ஈஆர்பி கணக்கோ அப்படியே திறந்து கிடக்கிறது. நூலகம், லேப் என்று கையெழுத்து வாங்கும் நோ டியூ படிவத்தில் 'கணக்கு முடக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கிராக் செய்த மென்பொருளைக் கணக்குப் பிரிவுக் கணினியில் போடவே கூடாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மாணவர் வைஃபையும் ஆபீஸ் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

தாக்குதல் நடந்தபின் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, லேப் உதவியாளரைக் கூப்பிட்டு ஃபார்மட் போட்டுவிடுவார்கள். எப்படி நுழைந்தார்கள் என்ற தடயமும் அதோடு போய்விடும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், கணினியை அணைக்காமல் அப்படியே விடுங்கள். இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லி 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டிருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பெற்றோருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்; அடுத்த மோசடி போன் அவர்களுக்குத்தான் வரும்.